ஒன்பது கல்லும் இரண்டு காலண்டரும்

எங்கள் வீட்டுக் கொல்லை வேலி விழுவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அதைத் திரும்ப நிறுத்த எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் காவேரிக்குக் குறுக்கே இன்னொரு அணையே கட்டியிருக்கலாம் என்று அப்பா பிற்பாடு கேலி செய்வார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வேலி எழும்பாமல் போனதற்கு யார் யார் காரணம் என்று என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதைக் கேட்க யாராவது அகப்பட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லுவேன். பட்டியல் முழுக்கத் தப்பு என்று தெரிய எனக்கு இன்னொரு இருபது வருஷம் பிடித்தது.

மைசூரில் விஜயநகரில், அப்பா பாடுபட்டுக் கட்டிய சின்ன வீடு. அப்பாவும் அம்மாவும் தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளிப் பக்கம். அப்பாவுக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம் உண்டு. அம்மா அதை ஊர் வழக்கப்படி ‘பொடக்காளி’ என்பாள். துணி துவைக்கிற கல், ஒரு கொய்யா மரம், கொடிக்கயிறு, அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கம் டீச்சர் வீட்டுக் கொல்லை. இரண்டுக்கும் நடுவே அப்பா நட்ட சவுக்குக் கம்பமும் முள்கம்பியும், கிழிந்த இடத்தில் பழைய தகரமும். பார்க்க லட்சணமான வேலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நாயைத் தடுத்தது.

நாயைப் பற்றிச் சொல்வதற்கு முன் டீச்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் சயின்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர். தனியாக இருந்தார். ஒருமுறை சூரிய கிரகணத்தன்று, தெரு மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு, குடிக்கிற தண்ணீரில்கூடத் தர்ப்பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, டீச்சர் தம் வீட்டு கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தை நிதானமாக உரித்துத் தின்றார். அது முடிந்ததும் இன்னொன்று. அப்பா ஜன்னல் வழியாக அதைப் பார்த்தவர், பார்த்தவர்தான். தொழிற்சாலை யூனியனில் பேசிப் பழகிய மனிதர். நாள், நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் அவருக்குக் கட்டோடு ஆகாது. “மனுசின்னா இவங்க மனுசி” என்று அன்றிலிருந்து டீச்சரைக் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்.

நாயின் பெயர் கரியா. கடிக்காது, துரத்தாது. செருப்பும் ஷூவும் தூக்கும். அதுவும் இடது காலுடையது மட்டும். ஏன் இடது கால் என்று எந்த சயின்ஸுக்கும் தெரியாது. எனக்கோ நாய் என்றாலே உயிர் போய்விடும். நாலு வயதில் ஏதோ ஒரு நாய் துரத்திய பயம். வேலி இருந்தவரை கரியா அந்தப் பக்கம் நின்று வாலாட்டும், நான் இந்தப் பக்கம் நின்று பழிப்புக் காட்டுவேன்.

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வேலி ஆடி வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. வைகாசி கடைசியில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் இருக்கும், வானம் மஞ்சளாகிப் பிறகு கறுத்தது. காற்று தகரங்களைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. டீச்சர் வீட்டு முருங்கை மரம் மளமளவென்று முறிந்து வேலிமேல் படுத்துவிட்டது. மழை விட்டு வெளியே வந்து பார்த்தால் சவுக்குக் கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. இரண்டு கொல்லையும் ஒரே கொல்லையாகக் கிடந்தன. நடுவில் கரியா நின்று என்னைப் பார்த்து வாலாட்டியது.

ஒரு வாரம் இரண்டு வீட்டிலும் முருங்கைக்கீரைதான். கீரைப் பொரியல், கீரைக் குழம்பு, கீரை அடை. அதற்குள் என் இடது கால் ஷூ போய்விட்டது. மறுநாள் செருப்போடு பள்ளிக்கூடம் போய் ஒரு பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றேன். புது ஷூ வாங்கினார்கள். நாலாம் நாள் அதிலும் இடது காலைக் காணோம். இதைவிட ஒரு ஜீவனுக்கு என்ன கொடுமை வேண்டும்?

சும்மா சொல்லக்கூடாது, அப்பா சுறுசுறுப்பாகத்தான் இறங்கினார். இனிமேல் சவுக்கு வேண்டாம், நம் பேரன் பேத்தி காலம் வரைக்கும் நிற்கிற மாதிரி கல் கம்பமே ஊன்றிவிடலாம் என்று ஒன்பது கல்லும் ஒரு சுருள் வலைக்கம்பியும் சொல்லிவிட்டார். டெம்போ வந்து கற்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று. ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை குழி தோண்ட ஆளும் பேசியாயிற்று. பொது வேலியாயிற்றே, ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் அப்பா டீச்சரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு “ஆஷாட முகீலி” என்றார்.

ஆஷாட மாதம் முடியட்டுமாம். அந்த மாதத்தில் மைசூரில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். கல்யாணம், கிரகப்பிரவேசம், கடை திறப்பு ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் டீச்சர் வாயிலிருந்து வருகிறதே! ஆஷாடம் பிறக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடலாம் என்று அப்பா கன்னடத்தில் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். முன்னால் ஆரம்பித்து ஆஷாடத்தில் முடிந்தால் அது இன்னும் தோஷம் என்றுவிட்டார் டீச்சர். அப்பா திரும்பி வந்து வாசலில் கிடந்த கல்மேல் உட்கார்ந்தார்.

“கிரகணத்துல வாழப்பழம் தின்ன வாயி! அந்த வாயில ஆஷாடம் வருது பாரு!”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டீச்சருக்குப் ‘பஞ்சாங்க டீச்சர்’ என்று பெயர். அப்பா வைத்த பெயர்தான். எனக்குச் சொல்லவா வேண்டும்? பட்டியலில் முதல் பெயராக எழுதிக்கொண்டேன்.

இப்போது, நடந்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை அம்மா எனக்குச் சொன்னது இருபது வருஷம் கழித்து, நான் மசக்கையில் அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தபோது.

வேலி விழுந்த மூன்றாம் நாள் காலை அம்மா துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறாள். வேலி இருந்திருந்தால் தகரம் மறைத்திருக்கும். வேலிதான் இல்லையே, டீச்சர் பார்த்துவிட்டார். கையைப் பிடித்து எழுப்பி, வாயைக் கழுவச் சொல்லி, எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டாள். எனக்குப் பிறகு இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. இரண்டாவது போனது இந்த வீடு கட்டும்போது. தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டிக்கு, அதுதான் சம்ப்புக்கு, குழி தோண்டிய அதே வாரம். வீட்டில் ஒருத்தி வயிற்றில் சுமக்கும்போது மண்ணைத் தோண்டக் கூடாது என்பது அவளுடைய ஊர் வழக்கம். அப்போதே சொல்லியிருக்கிறாள். குழிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி கேட்ட மூன்றாம் நாள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அதனால் இந்த முறை மூன்று மாதம் தாண்டும் வரை அப்பா உட்பட யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். வாந்திக்கு வாயுக்கோளாறு என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது வாசலில் ஒன்பது கல் வந்து இறங்குகிறது. ஒன்பது குழி. வேண்டாம் என்றால் ஏன் என்று அப்பா கேட்பார்.

கல் வந்த அன்றே அம்மா போய் இதையெல்லாம் சொன்னபோது டீச்சரும், குழிக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் சொன்னாராம். கர்ப்பம் ஏன் கலைகிறது என்று ஒரு வகுப்பே எடுத்தாராம். அம்மா மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதானுங்க டீச்சரம்மா. ஆனாக் குழி மட்டும் வேண்டாமுங்க” என்றாளாம். டீச்சர், “உன் மனசு நிம்மதியா இருக்கணும், அதுதான் முக்கியம். உன் வீட்டுக்காரரை எங்கிட்ட அனுப்பு” என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் சனிக்கிழமை தானாகவே போனார்.

கேட்கிறவர்கள் வீணாகப் பயப்பட வேண்டாம். என் தம்பி இப்போது ஆறடி உயரத்தில் இருக்கிறான், எங்கள் வீட்டு வாசல் நிலையில் மாதம் ஒருமுறையாவது தலையை இடித்துக்கொள்கிறான். ஆனால் அந்த ஆனி மாதத்தில் அவன் ஒரு கொய்யாப்பிஞ்சு அளவுகூட இல்லை. அவன் இருப்பது உலகத்தில் இரண்டு பெண்களுக்கு மட்டும் தெரியும். அவனுக்கு வந்த ஒரே எதிரி நான்.

ஆமாம், நானேதான். ஆஷாடம் எப்போது முடியும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர் தொங்கின. ஒன்று மளிகைக்கடையில் கொடுத்த கன்னடக் காலண்டர். இன்னொன்று மாமா வருஷா வருஷம் கொண்டுவந்து கொடுக்கும் தமிழ் நாள்காட்டி, தினம் ஒரு தாள் கிழிப்பது. தாள் கிழிக்கும் உரிமை எனக்கு. ஆஷாட வெள்ளிக்கிழமைகளில் ஊரே சாமுண்டி மலைக்குப் போயிற்று. எங்கள் தெருவே காலி. இத்தனை ஆஷாடம் பார்க்கிற டீச்சர் மட்டும் நாலு வெள்ளிக்கிழமையும் வீட்டிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான்காவது ஷூ போன கவலையில் இருந்தேன்.

ஒருவழியாக ஆஷாடம் முடிந்தது. அப்பா உடனே ஆளுக்குச் சொல்லிவிட்டார். சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலேயே, “ஏனுங்க, ஆடி பொறந்து நாலு நாளாச்சே” என்றாள்.

அப்பா சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மளிகைக்கடைக் காலண்டரில் கெட்ட மாதம் முடிந்திருந்தது. மாமாவின் காலண்டரில் அது தொடங்கியிருந்தது. ஒன்று முடிவதற்கு முன்பே இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டதால் நடுவில் ஒரு நாள்கூட இடுக்கு இல்லை. மைசூரில் தமிழ்க் குடும்பமாக இருந்தால் இதுதான் வம்பு. இரண்டு பஞ்சாங்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

“என்னிக்காவது இந்த வூட்ல ஆடி பாத்திருக்கமா? விழுந்த வேலி மாசம் பாத்தா விழுந்துச்சு?” என்று அப்பா கத்தினார்.

“படிச்ச டீச்சரம்மாவே பாக்கறாங்க. நாம பாக்கக் கூடாதுங்களா?” என்றாள் அம்மா. அதோடு ரசத்தை ஊற்றிவிட்டாள்.

அப்பா ரசச்சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார். மறுபடியும் வாசலுக்குப் போய்க் கல்மேல் உட்கார்ந்தார். அந்தக் கற்கள் அதற்குள் தெருவுக்கே பெஞ்சாகியிருந்தன. சாயங்காலம் பெண்கள் அதில் உட்கார்ந்து கதை பேசினார்கள், வெயில் நேரத்தில் கரியா ஏறிப் படுத்துக்கொண்டது. கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம் என்பார்களே, எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தன, ஒரு பிரயோஜனமும் இல்லை.

பட்டியலில் அம்மாவையும் சேர்த்தேன். அப்பா பாவம், அவர் பக்கம் நான் ஒருத்திதான் என்று தோன்றியது. ஆகவே அவருக்கு உதவுவது என்று தீர்மானித்தேன். பெரியவர்கள் நாள் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும், குழியை நாம் தோண்டி வைத்துவிட்டால் கல்லை நட்டுத்தானே ஆகவேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தார். மத்தியானம் அம்மா படுத்திருந்தாள். அந்த நாட்களில் அவள் அடிக்கடி படுத்துக்கொண்டாள். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். கடப்பாரையைத் தூக்கிப் பார்த்தேன், அது என்னைத் தூக்கிவிடும் போலிருந்தது. களைக்கொத்தையும் ஒரு தேங்காய்த் தொட்டியையும் எடுத்துக்கொண்டு போய், பழைய சவுக்குக் கம்பம் நின்ற இடத்தில் தோண்ட ஆரம்பித்தேன். மழை ஈரத்தில் மண் நன்றாகவே பெயர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் மூச்சிரைக்கும் சத்தம். கரியா! களைக்கொத்தை மார்போடு கட்டிக்கொண்டேன். அது என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் குழிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இரண்டு முன்னங்காலாலும் மண்ணைப் பறித்து வீச ஆரம்பித்தது. நான் கொத்தினேன், அது பறித்தது. அது களைத்தபோது நான் அள்ளினேன். தன்னைத் தடுக்கப்போகிற வேலிக்குத் தானே குழி தோண்டுகிறதே என்று எனக்கு அதன்மேல் முதன்முதலாக இரக்கம் வந்தது. என் பயம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அரை மணி நேரத்தில் முழங்கை ஆழம் போய்விட்டோம்.

துணி எடுக்க வாளியோடு வந்த அம்மா குழியைப் பார்த்தாள். வாளி கையிலிருந்து விழுந்தது. ஓடிவந்து என்னை ஓர் அறை அறைந்தாள். மைசூரில் ஒரு முழக் குழிக்காக அப்படி ஓர் அறை வாங்கிய ஆள் வேறு யாரும் இருக்க முடியாது. நான் அழத் தொடங்குவதற்குள் அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று.

நான் போட்ட கூச்சலில் டீச்சர் ஓடிவந்தார். நடுவில்தான் தடுக்க ஒன்றும் இல்லையே, சமையலறையிலிருந்து நேராக வந்துவிட்டார். அம்மாவைத் தூக்கப் பார்த்தார். அம்மா எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். “குழிய மூடுங்க டீச்சரம்மா, குழிய மூடுங்க” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது டீச்சர் செய்தது என் கண்ணிலேயே நிற்கிறது. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரிக் குழிக்குள் போட்டார். போட்டு, எழுந்து நின்று காலால் மிதித்து, தரையோடு தரையாக்கி, “முச்சிதே, நோடு. மூடிட்டேன், பாரும்மா” என்று அவருக்குத் தெரிந்த தமிழையும் சேர்த்துச் சொன்னார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா கையை நீட்டினாள்.

நர்சிங் ஹோமில் அம்மாவை உள்ளே கூட்டிப் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு காலிலும் செருப்பு இல்லை. நான் தோண்டிய குழியால் அம்மா சாகப்போகிறாள் என்று மட்டும் புரிந்தது. கரியா எல்லா ஷூவையும் தின்னட்டும், நான் ஆயுசு முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்கிறேன், அம்மா மட்டும் எழுந்து வந்துவிடட்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியிடமும் சொன்னேன். டீச்சர் நம்பவில்லை என்று சொன்ன சாமிகளையும் விடவில்லை.

டீச்சர்தான் முதலில் வெளியே வந்தார். கை விரலில் இன்னும் மண் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, பயத்தில் வந்த பிடிப்புதான், உள்ளே ஒரு பாப்பா இருக்கிறது, அதன் இதயம் ரயில் மாதிரி ஓடுகிறது, ஸ்கேனில் நானே பார்த்தேன் என்றார். அப்பாடா! பாப்பா என்ற செய்திகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மா சாகவில்லை என்பதுதான் காதில் விழுந்தது. டீச்சர் மடியில் விழுந்து ஓவென்று அழுதேன்.

தொழிற்சாலைக்குப் போன் போய், அப்பா யூனிபார்மோடு நஞ்சன்கூட்டிலிருந்து வந்து சேர்ந்தார். டீச்சர் அவரைத் தள்ளி அழைத்துப்போய் ஏதோ பேசினார். அப்பா உள்ளே போய் அம்மாவிடமும் பேசிவிட்டு வந்தார். நான் அடுத்த அடிக்குக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, “சாப்டியா கண்ணு?” என்றார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், அவரும் சாப்பிட்டிருக்கவில்லை. பிசைந்து எனக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய் என்று அந்தத் தயிர்ச்சோற்றை இரண்டு பேரும் தின்று தீர்த்தோம். அழுகையும் பசியும் ஒன்றாக வந்தால் தயிர்ச்சோறு அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை. ஆடி முடிந்தது. ஆவணியில் வேலி வரும் என்று பார்த்தால், இரண்டு கல்லில் மூலை உடைந்திருக்கிறது, மாற்றித் தரட்டும் என்றார் அப்பா. புரட்டாசியில் தசரா, ஆள் கிடைக்காதாம். ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரோடு சேர்த்து ஒன்பது கல்லுக்கும் குங்குமம் வைத்தார், நடத்தான் இல்லை. ஐப்பசியில் மண் சொதசொதவென்று இருக்கிறதாம். கார்த்திகையில் வலைக்கம்பி துருப்பிடித்துவிட்டது, வேறு வாங்க வேண்டும். கடைசியில் ஒருநாள் நானே பொறுக்கமாட்டாமல் கேட்டபோது, “மார்கழியில எவனாச்சும் வேலி போடுவானா கண்ணு?” என்று யூனியன்காரரான என் அப்பா சொன்னார். போச்சு, இவரும் கட்சி மாறிவிட்டார் என்று பட்டியலில் அவரையும் சேர்த்தேன். பட்டியலில் இல்லாதவன் கரியா மட்டும்தான். அவனும் நானும் அதற்குள் சிநேகிதர்கள்.

தை கடைசியில் தம்பி பிறந்தான். மூன்றரைக் கிலோ, கறுகறுவென்று முடி. அம்மா வீட்டுக்கு வந்து, தீட்டுக் கழிந்த மறுநாளே அப்பா ஆட்களோடு கொல்லையில் நின்றார். அன்று என்ன கிழமை, என்ன நட்சத்திரம் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது குழி ஒரே காலையில். அம்மா தம்பியைத் துணியில் பொதிந்து வைத்துக்கொண்டு துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு குழியையும் எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பக்கம் டீச்சர் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். ஆறாவது குழியில் என்னுடைய இடது கால் ஷூ மூன்று கிடைத்தது. வேலி நேராக, கம்பீரமாக நின்றது. வலைக்கம்பி வழியாக எல்லாம் தெரிந்தது. தகரம் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த வருஷம் ஆஷாடம் வந்தது. அதிலும் ஒரு செவ்வாய்க்கிழமை, சரியாக மூன்று மணி ராகுகாலத்தில் டீச்சர் வீட்டுக் கொல்லையில் சம்ப்புக்கு ஆட்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் பதறிப்போனேன். பையைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடி, “டீச்சர்! ஆஷாட! ஆஷாட!” என்று கத்தினேன்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் விழித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு, “அய்யோ, மறந்தே போச்சு நோடு மரி” என்றார். மரி என்றால் குட்டி. ஆனால் ஆட்களை நிறுத்தச் சொல்லவில்லை.

எனக்கு மனசே ஆறவில்லை. போன வருஷம் ஐந்து நாள் முன்னாலேயே ஆஷாடத்தை ஞாபகம் வைத்திருந்தவர்! வீட்டுக்குள் போய், டீச்சருக்கு வயசாகிவிட்டது, ஞாபக மறதி வந்துவிட்டது என்று சொன்னேன். அம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. தம்பியை மடியில் வைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்த அப்பா டப்பாவை மூடி வைத்தார். பஞ்சாங்க டீச்சர் என்ற பெயரை அவர் ஒரு வருஷமாகவே சொல்வதில்லை என்பதையும் நான் கவனித்திருக்கவில்லை. “ஆமா கண்ணு, அவங்களுக்கு யாரு இருக்கா? நீதான் பாத்துக்கோணும்” என்றார்.

பார்த்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து காலையில் எழுந்ததும் மாமாவின் நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, நாலாக மடித்து, வலைக்கம்பி வழியாக டீச்சரிடம் நீட்டிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். அதனால் எங்கள் வீட்டுக் காலண்டர் எப்போதும் நாளைக்கே ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஒருமுறை ஷிப்ட்டே மாறிப் போய்விட்டு வந்தார், என்னைத் திட்டவில்லை. நாங்கள் அந்த வீட்டில் இருந்த அத்தனை வருஷமும் டீச்சர் ஒருநாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. தாளை இரண்டு கையாலும் வாங்குவார், பிரிப்பார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை கவனமாகப் பார்ப்பார், “தேங்க்ஸ் மரி” என்பார். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.